வெள்ளத்தில் ஒரே அடுப்பில் சமைத்தோம், தண்ணீர் வடிந்த பிறகு ஏன் முடியவில்லை?

#1 ஆத்தங்கரை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தாமிரபரணி கடலில் சேருவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரிந்துவிடும், அது வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஆறு ஊருக்குள் வந்தது, கரண்ட் இல்லை, போன் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பயணிகளுக்குப் பொங்கிக் கொடுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஊரில் மூன்று சபைகள். எங்கள் கோயில், கத்தோலிக்கக் கோயில், பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபை. மேட்டில் இருந்தது கத்தோலிக்கக் கோயில்தான். அதனால் அடுப்பு அங்கே. அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, எடுக்கிற பெரிய அண்டாவும் அகப்பைகளும் எங்களிடம் இருந்தன, அவற்றைத் தலையில் வைத்து நெஞ்சளவு தண்ணீரில் கொண்டுபோனோம். பெந்தெகொஸ்தே சபைத் தம்பிமார் டிராக்டர் டியூப்களைக் கட்டி மிதவை செய்து, மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது வீடு வீடாக ஜெபத்துக்குப் போகிற அந்தச் சபை அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வருடத்துக்கு ஒரு தடவை சங்கக் காணிக்கைக்குத்தான் எல்லா வீட்டுக்கும் போகிறோம். ஆறு நாள் இப்படி நடந்தது. கமிட்டி கிடையாது, தலைவர் கிடையாது. கோயில் எது என்று பார்க்காமல் ஊர் முழுவதும் சாப்பிட்டது.

ஜனவரியில், இதை விட்டுவிடக்கூடாது என்று பேசினோம். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியாகக் கிடக்கிற முதியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. வாரம் இரண்டு நாள் அவர்களுக்கு மதியச் சாப்பாடு, மாதம் ஒரு தடவை மருந்து என்று திட்டம். கூட்டம் போட்டோம். பேனர் அடித்தோம். தொடக்க ஜெபம் யார், கடைசி ஆசீர்வாதம் யார் என்று பேச்சு வந்தது. மூன்றே மாதம். இப்போது எங்கள் சபை மட்டும் செவ்வாய்க்கிழமை கொடுக்கிறது, அதுவும் எங்கள் சபையாருக்கு மட்டும்தான் என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளத்தில் முடிந்தது வெயிலில் ஏன் முடியவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய கீர்த்தனை

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று மாதத்தில் மனம் தளர்ந்துவிட்டீர்கள். பல சபைகள் இணைந்து நம் சி.எஸ்.ஐ. பிறக்க 28 வருடம் ஆனது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் சில போதகர்கள் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய அதே ஊர். இந்த நாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத, வெளிநாட்டுச் சரித்திரத்தில் உண்டான பிரிவினைகளை நாம் ஏன் சுமக்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதில் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், தோர்ணக்கல் பேராயர். அந்தக் கூட்டத்தில் தொடங்கிய பேச்சுவார்த்தை 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ல் இறந்துவிட்டார்.

28 வருடம் எதற்கு ஆனது? சாப்பாட்டுக்கோ ஜெபத்துக்கோ அல்ல. ஆங்கிலிக்கன்களிடம் பேராயர் முறை இருந்தது. பிரஸ்பிட்டேரியன்களிடம் மூப்பர்கள். காங்கிரிகேஷனல் சபையாரிடம் சபை முழுவதும் கூடி முடிவெடுக்கிற பழக்கம். மெதடிஸ்டுகளிடம் சாதாரண விசுவாசி பிரசங்கம் பண்ணுகிற பழக்கம். ஒவ்வொருவரும், எங்களிடம் இருப்பதுதான் திருச்சபை, உங்களிடம் இருப்பது ஏதோ வசதிக்கு வைத்துக்கொண்டது என்று நினைத்திருந்தார்கள். அது மாறி, உன்னிடம் இருப்பதும் தேவன் கொடுத்த வரம், அது இல்லாமல் நான் குறைவுள்ளவன் என்று வாயால் சொல்லுவதற்குத்தான் அத்தனை வருடம்.

கடைசி முடிச்சு எது தெரியுமா? பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத போதகர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டுமா என்பது. வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். இருக்கிறவர்கள் அப்படியே ஏற்கப்பட்டார்கள். இனி வருகிறவர்கள் பேராயர்களால் அபிஷேகம் பெறுவார்கள், 30 வருடம் இப்படி இரண்டும் சேர்ந்து நடக்கும், எந்தச் சபையின் மேலும் அது மனச்சாட்சிப்படி ஏற்காத போதகரைத் திணிக்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் போதகராக வந்த லெஸ்லி நியூபிகின் அதே நாளில் 37 வயதில் மதுரை ராமநாதபுரம் பேராயரானார்.

உங்கள் கூட்டத்தில் யார் ஆசீர்வாதம் சொல்வது என்று வந்த பிரச்சினையைச் சின்னப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். இதே கேள்விதான் அங்கேயும் வந்தது. நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறுதி கொடுத்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

#3 ஜெபவீட்டார்

பிரைஸ் த லார்ட். நான் பெந்தெகொஸ்தே சபை விசுவாசி. அக்கா, உங்கள் ஊர் அல்ல, ஆனால் எங்கள் ஊரிலும் இதே கதை நடந்தது, அதனால் எங்கள் பக்கத்து மனதைச் சொல்கிறேன்.

பேனர் அடித்தோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பேனரில் உங்கள் சேகர குருவின் பெயர் படத்தோடு இருந்திருக்கும். பங்குத்தந்தை பெயர் படத்தோடு இருந்திருக்கும். எங்கள் பாஸ்டர் பெயர்? எங்கள் ஊரில் "மற்றும் இதர சபைகள்" என்று போட்டார்கள். எங்கள் பாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. அவர் பெரிய கல்லூரியில் இறையியல் படிக்கவில்லை, கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்து ஊழியத்துக்கு வந்தவர். அவருடைய மனைவி அன்று வீட்டில் அழுததை நான் பார்த்தேன். தண்ணீரில் இறங்கின நாளில் நாங்கள் இதர சபையாக இல்லையே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கு உபதேச விஷயத்தில் பயம் உண்டு. முழுக்கு ஞானஸ்நானம் எங்களுக்குச் சடங்கு அல்ல, எங்கள் ஜீவன். சேர்ந்து நின்றால் அது முக்கியமில்லை என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்ந்து சமைக்க எங்களுக்குத் தயக்கமே இல்லை. சேர்ந்து நடத்தும் ஆராதனையில் எங்கள் மனதுக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னால்தான் தயக்கம்.

#4 மரியின் மகள்

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கப் பெண், மறைக்கல்வி ஆசிரியை.

ஜெபவீட்டார் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. எங்களிடம் கோயில் மண்டபம் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டி கேட்பார்கள். சிஸ்டர்மார் மருந்து தருவார்களா என்று கேட்பார்கள். எல்லாம் கொடுப்போம். ஆனால் என்ன செய்யலாம் என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. இடம் கொடுக்கிறவர்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறோம். எங்கள் பக்கமும் குறை உண்டு. நாங்கள்தான் பெரியவர்கள், மற்றவர்கள் பிரிந்து போனவர்கள் என்ற நினைப்பு எங்கள் பாட்டிமார் காலத்தில் இருந்தது. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. அது பங்கு அளவில் இறங்கி வர இன்னும் நேரம் எடுக்கிறது.

நம் கையில் இருக்கிற ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு. நீங்கள் வரம் என்று வாசிக்கிற இடத்தில் நாங்கள் அருள்கொடை என்று வாசிக்கிறோம். 1 கொரிந்தியர் 12-ல் "அருள்கொடைகள் பலவகையுண்டு" என்று வரும். வரம் என்ற சொல் தமிழில் தவம் இருந்து வாங்குகிற ஒன்றாகவும் கேட்கும். கொடை என்றால் கொடுத்தவருடைய மனசு, அவ்வளவுதான். வாங்கினவனுக்கு அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. எனக்கு இந்தச் சொல் மேல் பிரியம் அதிகம்.

#5 ஆத்தங்கரை

ஜெபவீட்டார் தம்பி, எழுந்து போய்ப் பழைய போட்டோவைப் பார்த்தேன். பேனரில் "மற்றும் ஊரின் பிற சபைகள்" என்றுதான் இருக்கிறது. அதைப் பிரிண்டிங் கடைக்கு எழுதிக் கொடுத்தது நான். பெயர் தெரியாமல் இல்லை. இடம் போதவில்லை என்று கடைக்காரர் சொன்னார், சரி என்றேன். ஆறு நாள் அந்த அம்மா என் கூட நின்று வெங்காயம் உரித்தார்கள்.

பழைய கீர்த்தனை ஐயா, உறுதி எதுவும் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

#6 கைவைத்தியம்

நான் வேலூரில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். தொழுநோயால் கை மடங்கிப் போனவர்களோடு பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கண், கை, கால் என்று பவுல் 1 கொரிந்தியர் 12-ல் எழுதியதை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கவனித்துச் சொன்னது வேறு. நோய் நரம்பைத் தாக்குகிறது, வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாதவன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறான், ஆணி குத்தின காலோடு நடக்கிறான். புண் ஆறாமல், எலும்பு வரை போய், விரல் போகிறது. ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவமும் கூடப் பாடுபடும் என்று பவுல் சொன்னது கட்டளை மாதிரி நமக்குக் கேட்கும். எனக்கு அது உயிருள்ள உடம்பின் இலக்கணமாகத் தெரிகிறது. ஜெபவீட்டார் சொன்ன பாஸ்டருடைய மனைவி அழுதது அந்த ஊரின் மற்றச் சபைகளுக்குத் தெரியாமலே போயிற்றே, அங்கே நரம்பு அறுந்திருக்கிறது.

அடுத்தது அறுவைச் சிகிச்சை. முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பு செயலிழந்தால் விரல்கள் உள்ளே மடங்கிக் கொக்கி போல ஆகிவிடும். செத்துப்போன தசைக்கு உயிர் கொடுக்க முடியாது. முன்கையில் நன்றாக வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, வழி மாற்றி விரல்களோடு இணைப்பார்கள். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகுதான் எங்கள் வேலை. நோயாளி விரலை அசை என்றால் அசையாது. இதுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை அது, அதற்கு விரல் வேலை தெரியாது. மணிக்கட்டைத் தூக்குவதாக நினைத்துக்கொள் என்று சொல்வோம், உடனே விரல் அசையும். முதல் தடவை அது அசையும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில் தினமும் பயிற்சி. நினைக்காமலே அசைகிற நாள் வரும்.

வெள்ளத்தில் உங்கள் கை தானாக அசைந்தது. ஆபத்து நேரத்தில் உடம்பு அப்படித்தான். அதை அன்றாடப் பழக்கமாக்க பயிற்சி வேண்டும். மூன்று மாதத்தில் எங்கள் நோயாளிகளே சட்டைப் பொத்தானைத்தான் போடப் பழகியிருப்பார்கள்.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்துக்காரர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை அது. பிறகு வேலூரில் மறுவாழ்வு சிகிச்சைக்கென்று தனி மையம் உருவாக அவரே காரணம். பிராண்ட் ஒரு பாரம்பரியம், வர்கீஸ் இன்னொரு பாரம்பரியம், வேலூர் ஆஸ்பத்திரியை நடத்துவதில் பல சபைகளுக்குப் பங்கு உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் நீ எந்தச் சபை என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தலைமை மருத்துவர் முதல் கட்டுத்துணி கொதிக்க வைக்கிறவர் வரை ஒருவர் தவறினாலும் கை சீழ் பிடித்துவிடும்.

#7 புதுப்பந்தி

எல்லோரும் 1 கொரிந்தியர் 12-ம் அதிகாரத்தைப் பேசுகிறீர்கள். அதற்கு முந்தின அதிகாரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள்.

கொரிந்து சபையில் பிரச்சினை தொடங்கியது பந்தியில். வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், வேலை முடித்துவிட்டு வருகிற ஏழை பசியோடு நிற்கிறான். பவுல் கோபப்பட்டு, "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதுகிறார். அதை எழுதிய பிறகுதான் வரங்களைப் பற்றித் தொடங்குகிறார். பந்தியைச் சரி பண்ணாமல் வரங்களைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு அர்த்தம் இருக்கவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நான் தலித் கிறிஸ்தவன். என் தாத்தா காலத்தில் எங்களுக்குக் கோயிலில் தனி இடம், தனிக் கல்லறைத் தோட்டம். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்கு எதிராக எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதும் நம் சரித்திரம்தான். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பெயர் பலகையில் தெரிகிற பிரிவினையை விட, பெயர் பலகையில் இல்லாத பிரிவினை எங்கள் முதுகில் அதிகம் விழுந்திருக்கிறது. ஆத்தங்கரை அம்மா, உங்கள் ஊரில் வெள்ளத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா? கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#8 ஆத்தங்கரை

தம்பி, உட்கார்ந்தார்கள். மேட்டில் இருந்த ஒரே கூரை அது. யார் எங்கே என்று பார்க்க இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கு கீழத்தெருவில் இருந்து யாரும் வருவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைக்கிறது. அசனத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோமே என்று நான் இதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வருடத்தில் ஒரு நாள்.

#9 பழைய கீர்த்தனை

புதுப்பந்தி தம்பி, மேலே நான் சி.எஸ்.ஐ. இணைப்பைப் பெருமையாக எழுதினேன். நீங்கள் சொன்னதை எழுதாமல் விட்டது என் பக்கத்துத் தவறு. ஆங்கிலிக்கனையும் மெதடிஸ்டையும் இணைக்க 28 வருடம் செலவிட்ட நாம், ஒரே சேகரத்துக்குள் இரண்டு கல்லறைத் தோட்டத்தை இணைக்க எத்தனை கூட்டம் போட்டோம்? நான் கமிட்டியில் இருந்திருக்கிறேன். ஒரு தடவை கூட நான் அதை எடுத்ததில்லை.

#10 வட்டுக்கோட்டை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் (உங்கள் பேச்சில் பேராயம்) 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தும் அந்தக் குடும்பம்தான்.

வரங்கள் பற்றிய பேச்சில் மானிப்பாய் வைத்தியர் கிறீனை நினைக்கிறேன். அமெரிக்க மிஷனில் இருந்து 1847-ல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்து, மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அவருக்கு மேலைநாட்டு வைத்தியம் தெரியும். தமிழ்ச் சொல்லும் ஊராருடைய உடம்பும் பேச்சும் தெரிந்தவர்கள் அவருடைய மாணவர்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் புத்தகங்கள் வந்திருக்காது. கிறீனைப் பற்றிப் பேசுகிற நாங்கள் அந்த மாணவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

போர்க்காலத்தில் எந்தக் கோயில் என்று பார்க்காமல் கூரை இருந்த இடத்தில் படுத்தவர்கள் நாங்கள். ஆகவே ஆத்தங்கரை அக்காவின் கேள்வி எங்களுக்கும் உரியது. சமாதானம் வந்த பின் ஒவ்வொருவரும் தத்தம் மதிலை முதலில் கட்டினோம். அக்கா, நீங்கள் அதை இவ்வளவு சீக்கிரம் கவனித்துவிட்டீர்கள். நாங்கள் கவனிக்கப் பல வருடம் எடுத்தது.

#11 மணிக்கயிறு

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் கோயில்பிள்ளை. 40 வருடம் மணி அடித்தார், பாய் விரித்தார், விளக்குத் துடைத்தார், கல்லறை வெட்ட ஆள் கூப்பிட்டார், செத்த வீட்டுக்கு முதலில் போனார். சபை நூற்றாண்டு மலரில் குருமார் படம், கமிட்டி படம், பாடகர் குழு படம் எல்லாம் வந்தது. அப்பா படம் வரவில்லை. அவர் வருத்தப்படவில்லை, நான் வருத்தப்பட்டேன்.

எங்கள் சபையில் தாலந்துப் போட்டி என்றால் பாட்டு, பேச்சு, வசனம் ஒப்பிப்பது. மூன்றும் வாயால் செய்வது. பவுல் எழுதின பட்டியலில் உதவி செய்கிற வரமும் இருக்கிறது, நடத்துகிற வரமும் இருக்கிறது. நடத்துதல் என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவனோடு சம்பந்தப்பட்டது என்று ஒரு வேதபாட வகுப்பில் சொன்னார்கள். சுக்கான் பிடிக்கிறவன் கப்பலின் பின்பக்கம்தான் நிற்பான், முகப்பில் நிற்கமாட்டான்.

1 பேதுரு 4:10-ல் உக்கிராணக்காரர் என்று ஒரு சொல் வருகிறது. "தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல". இப்போது யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் சாமான் அறைச் சாவியை வைத்திருப்பவர்தான் உக்கிராணக்காரர். அரிசி அவருடையது இல்லை. பருப்பும் அவருடையது இல்லை. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்து அளந்து கொடுப்பது அவர் வேலை. பந்தியில் அவரை யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் சாவியோடு எங்கேயாவது போய்விட்டால் மட்டும் எல்லோரும் தேடுவார்கள்.

ஆத்தங்கரை அம்மா, உங்கள் ஊரில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?

#12 ஜெபவீட்டார்

மணிக்கயிறு அண்ணே, இதை எங்கள் பாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் அப்பா பெயரைச் சொல்லி ஜெபம் பண்ண வேண்டும் என்றார், பெயர் தெரியவில்லை, கோயில்பிள்ளை ஐயா என்றே சொல்லி ஜெபித்தார்.

பழைய கீர்த்தனை ஐயா சொன்ன உறுதிமொழி விஷயம் என் மனதில் நிற்கிறது. எங்களிடம் வந்து, உங்கள் மனச்சாட்சிக்கு எதிரான எதையும் கேட்கமாட்டோம் என்று யாராவது முதலில் சொல்லியிருந்தால் எங்கள் பாதித் தயக்கம் போயிருக்கும். எங்களால் சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு: சாப்பிட வருகிறவர்களை எங்கள் சபைக்கு இழுக்கமாட்டோம். அந்தப் பயம் உங்களுக்கு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

#13 மரியின் மகள்

அது உண்மையான பயம்தான் அண்ணா. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

ஒரு விஷயம் கேட்கலாமா? சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையில் சமாதானத்தைக் கையோடு கை சேர்த்துக் கொடுப்பீர்களே, அது எங்கிருந்து வந்தது?

#14 பழைய கீர்த்தனை

கேரளத்துச் சிரியன் சபைகளின் பழக்கத்தில் இருந்து, அம்மா. இணைந்த பிறகு 1950-ல் புதிய திருவிருந்து ஒழுங்கு தயாரித்தபோது அதை எடுத்துக்கொண்டார்கள். சிரியன் சபைகள் அந்த இணைப்பில் சேரவே இல்லை. சேராதவர்களிடம் இருந்த ஒரு வரத்தை வாங்கி நம் ஆராதனையின் நடுவில் வைத்தார்கள், வெளிநாட்டுச் சபைகள் பலவற்றுக்கும் அது இங்கிருந்து முன்மாதிரியாகப் போனது. லுத்தரன் சபைகளும்தான் 1947-ல் சேரவில்லை. ஆனால் 1969-ல் மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி தொடங்கியபோது சி.எஸ்.ஐ.யும் லுத்தரன்களும் சேர்ந்தே தொடங்கினார்கள். ஒரே நிர்வாகமாக ஆகாமலும் ஒரே வகுப்பில் உட்கார முடிகிறது.

#15 ஆத்தங்கரை

இரண்டு வாரமாக எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பேனரை எழுதிக் கொடுத்தது நான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, அக்கா, அண்டா அடியில் ஓட்டை விழுந்திருந்ததே, ஈயம் பூசினீர்களா என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் இரண்டு பேருமாகக் கீழத்தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர் நேராகவே சொன்னார், நீங்கள் பாத்திரத்தில் கொண்டுவந்து வாசலில் ஊற்றிவிட்டுப் போவீர்கள், வெள்ளத்தில் நாங்களும் உட்கார்ந்து வெட்டினோம், அரிந்தோம், இப்போது வாங்கித் தின்ன மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று. புதுப்பந்தி தம்பி, நீங்கள் பந்தியைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் சமையலையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். அவருடைய மருமகள் பத்துப் பேருக்கும் நூறு பேருக்கும் ஒரே கைப்பக்குவத்தில் குழம்பு வைப்பவர். ஆறு நாளும் உப்புப் பார்த்தது அவர்தான். அது எனக்கு ஞாபகம் இருந்தும் கூட்டத்துக்கு நான் அவரைக் கூப்பிடவில்லை.

பங்குத்தந்தையிடம் மண்டபம் கேட்கப் போகாமல், என்ன செய்யலாம் என்று கேட்கப் போனோம். மரியின் மகள் சொன்னது காதில் இருந்தது. ஒரு மணி நேரம் பேசினார். மருந்துக்கு அவரிடம் எங்களுக்குத் தோன்றாத ஒரு வழி இருந்தது. மடத்துச் சிஸ்டர் ஒருவர் நர்ஸ், வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்.

இப்போதைக்குச் சனிக்கிழமை மட்டும். செவ்வாய் அப்புறம் பார்க்கலாம். பேனர் கிடையாது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கிறவர் பண்ணுவார், அவர் எந்தச் சபையாக இருந்தாலும் அவர் வழக்கப்படி. ஆராதனைகள் அவரவர் கோயிலில். ஜெபவீட்டார் தம்பி சொன்ன இரண்டு உறுதிகளையும் ஒரு நோட்டில் எழுதி மூன்று சபையாரும் கீழத்தெருப் பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் கமிட்டியில் இரண்டு பேருக்கு இதில் சம்மதமில்லை, வரவில்லை. அவர்களைப் பார்க்க இன்னும் போகவில்லை, போக வேண்டும்.

மணிக்கயிறு தம்பி, சாவி பாஸ்டர் வீட்டு அம்மாவிடம். எந்த வீட்டில் உப்பு கூடாது, எந்த வீட்டில் பல் இல்லை, எந்த வீட்டில் போன வாரத்தில் இருந்து ஒரு ஆள் குறைந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அண்டாவுக்கு ஈயம் பூச ஏரலில் ஆள் இருக்கிறாரா, யாருக்காவது தெரியுமா? எங்கள் பக்கம் பூசுகிறவர் வெள்ளத்துக்குப் பிறகு கடையை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

#16 மணிக்கயிறு

ஏரலில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார், விசாரித்துச் சொல்கிறேன் அம்மா. அவர் இல்லாவிட்டால் எங்கள் சபை அண்டா ஒன்று சும்மாதான் கிடக்கிறது, நூறு பேருக்குப் பொங்கலாம். வியாழக்கிழமை வண்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன்.